இல்மும் அமலும் சந்தித்த பந்தயக் களம்

இஸ்லாமிய நாகரிகத்தின் அறிவியல் கொடை பற்றிப் பேசத் தொடங்கினால் நம் நாவில் சில பெயர்கள் தாமாகவே வந்து நிற்கும். அல்-குவாரிஸ்மீ, இப்னு ஸீனா, இப்னுல் ஹைதம், அல்-ஜஸரீ. மீலாது மேடைகளிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் இப்பெயர்களை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அப்புறம் என்ன ஆயிற்று?"

அக்கேள்விக்கான விடையின் ஒரு சிறு பகுதி, நம்மில் பலர் வாழும் காலத்திலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றில் இருக்கிறது. ஹிஜ்ரி 1420, அதாவது 1999ஆம் ஆண்டின் கோடையில், ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் அது நடந்தது.

ரோபோக்கள் ஆடும் கால்பந்து

1997ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ என்னும் கணினி, சதுரங்க உலக வாகையரான காஸ்பரோவைத் தோற்கடித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஜப்பானின் நகோயா நகரில் ரோபோகப் என்னும் பன்னாட்டுப் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. ஹிரோவாகி கிதானோ, மினோரு அஸாதா முதலிய ஜப்பானிய அறிஞர்கள் சில ஆண்டுகளாகத் திட்டமிட்டு வந்த முயற்சி அது. அவர்கள் வகுத்துக்கொண்ட இலக்கு வியப்புக்குரியது: 2050ஆம் ஆண்டளவில், மனித உதவியின்றித் தாமே இயங்கும் மனித வடிவ ரோபோக்களின் அணியொன்று, ஃபிஃபா விதிகளின்படி ஆடி, அப்போதைய உலகக்கோப்பை வாகை அணியை வெல்ல வேண்டும்.

சதுரங்கம் இருக்கக் கால்பந்து எதற்கு? சதுரங்கப் பலகையில் காய்கள் அனைத்தும் கண்முன் இருக்கின்றன; ஒருவர் ஆடி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார். கால்பந்துக் களத்தில் பந்து யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பார்வைக்கு எட்டாத இடத்தில் எதிரி இருப்பான். நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். தன் அணியினரோடு ஒத்திசைய வேண்டும். சக்கரம் வழுக்கினாலும் மின்கலம் தளர்ந்தாலும் ஆட்டம் நிற்காது. மனிதர்கள் வாழும் உலகமும் இப்படிப்பட்டதே. எனவே இவ்விளையாட்டில் தேறும் இயந்திரம் வீட்டிலும் மருத்துவமனையிலும் தொழிற்கூடத்திலும் பயன்படும் என்பதே அவ்வறிஞர்களின் கணக்கு.

அர்வந்தின் வெற்றி

1999ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் கூடிய அணிகளுள் ஈரானிலிருந்து வந்த ஒரு மாணவர் அணியும் இருந்தது. தெஹ்ரானில் 1966ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஷரீஃப் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் துறையைச் சேர்ந்த 'ஷரீஃப் சி.ஈ.' அணி அது. பேராசிரியர் மன்ஸூர் ஜம்ஸாத் அவர்களோடு இணைந்து மாணவர்கள் உருவாக்கிய ரோபோக்களுக்கு 'அர்வந்த்' என்று பெயரிட்டிருந்தனர். ஈரானின் தென்மேற்கு எல்லையில் ஓடும் ஆறு ஒன்றின் பாரசீகப் பெயரும் அதுவே.

அவர்கள் களமிறங்கியது நடுத்தர அளவு ரோபோக்களுக்கான பிரிவு. பச்சைக் கம்பளம் விரித்த களம். ஆரஞ்சு நிறப் பந்து. ஒரு பக்கம் மஞ்சள் கோல், மறுபக்கம் நீலக் கோல். சுற்றிலும் வெண்ணிறச் சுவர். ரோபோ தன் மீதே பொருத்தப்பட்ட கருவிகளைக் கொண்டுதான் அனைத்தையும் அறிய வேண்டும். ஆட்டம் தொடங்கிய பின் அதனை வெளியிலிருந்து யாரும் இயக்கக் கூடாது.

முந்தைய ஆண்டு பாரிஸில் வாகை சூடியிருந்த ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் அணி, லேசர் கதிரால் தொலைவை அளக்கும் கருவிகளை நம்பியது. ஷரீஃப் மாணவர்களோ கேமராவின் பார்வையை நம்பினர். மூன்று ஆட்டக்கார ரோபோக்களையும் ஒரு கோல்காப்பாளரையும் அவர்களே வடிவமைத்துக் கட்டினர். ஆட்டக்கார ரோபோவில் ஓட்டும் பகுதி ஒன்று, திசைமாற்றும் பகுதி ஒன்று, தாங்கிச் செல்லும் சிறு சக்கரம் ஒன்று. கோல்காப்பாளருக்கு வேறுவகை நகர்வு அமைப்பும், விரைந்து நீளும் கை ஒன்றும் தரப்பட்டன. கணினி எடுக்கும் முடிவைச் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்க, இரண்டு நுண்கட்டுப்பாட்டுச் சில்லுகள் கொண்ட மின்பலகையையும் அவர்களே உருவாக்கினர். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்ட மென்பொருள், கேமரா காட்டும் படத்திலிருந்து பந்தையும் கோலையும் எதிரியையும் நிறத்தால் பிரித்தறிந்தது. இன்ன நிலையில் இன்னதைச் செய் என்னும் திட்டவட்டமான விதிகளால் ஆட்டம் வகுக்கப்பட்டிருந்தது.

இதில் உள்ள சிரமத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கூடத்தின் விளக்கொளி சற்று மாறினாலும் கேமராவுக்கு ஆரஞ்சு நிறம் வேறாகத் தெரியும். சொந்த ஆய்வகத்தில் தடையின்றி ஓடிய இயந்திரம் அந்நிய நகரத்து அரங்கில் பந்தையே காணாமல் நிற்கக்கூடும். இப்போட்டியில் பங்கேற்கும் அணிகள் இரவெல்லாம் கண்விழித்துத் திருகாணியும் கையுமாக அமர்ந்திருப்பது இதனால்தான். அத்தனையையும் கடந்து, அப்பிரிவின் உலக வாகையராக ஷரீஃப் சி.ஈ. அணி ஸ்டாக்ஹோமிலிருந்து திரும்பியது. இத்தாலிய அணி இரண்டாமிடம் பெற்றது.

நூலின் பெயரிலேயே ஒரு பாடம்

இவ்வெற்றியை நம் பழைய வரலாற்றோடு இணைக்கும் இழை ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் பாக்தாதில் பனூ மூஸா எனப்பட்ட மூன்று சகோதரர்கள் ஏறத்தாழ நூறு நுண்பொறிகளை விவரித்து நூல் ஒன்றை எழுதினர். ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் நகரில் அர்துகீ மன்னர்களின் அவையில் பணியாற்றிய அல்-ஜஸரீ, 1206ஆம் ஆண்டு தம் புகழ்பெற்ற நூலை நிறைவு செய்தார். அதில் ஐம்பது பொறிகள் இடம்பெற்றுள்ளன.

அவற்றுள் ஒன்று கை கழுவும் மயில். மயிலின் அலகிலிருந்து நீர் வழியும். கழுவிய நீர் கீழே தொட்டியில் சேரச் சேர, அதனுள் மிதவை உயரும். குறித்த அளவை எட்டியதும் சிறு கதவு திறந்து பணியாள் பொம்மை ஒன்று சோப்புத் தூளை நீட்டும். நீர் மேலும் உயர்ந்தால் அடுத்த பொம்மை துண்டோடு வரும். நிலையை அறிதல், அதற்கேற்ப முடிவெடுத்தல், செயல்படுதல் என்னும் மூன்றையும் வெறும் நீரையும் மிதவையையும் கொண்டு அவர் இணைத்தார். அர்வந்த் ரோபோ கேமராவாலும் சில்லாலும் சக்கரத்தாலும் செய்ததும் இவை மூன்றையே. அதன் மென்பொருளில் அடங்கிய படிமுறைகளுக்கு உலகம் இட்ட 'அல்காரிதம்' என்னும் பெயர், அல்-குவாரிஸ்மீயின் பெயரிலிருந்து பிறந்தது.

அல்-ஜஸரீயின் யானைக் கடிகாரம் இன்னொன்றையும் சொல்கிறது. யானையின் வயிற்றுக்குள் மிதந்து மெல்ல மூழ்கிக் காலத்தை அளக்கும் துளையிட்ட கிண்ணம் இந்திய மரபைச் சேர்ந்தது. நம் முன்னோர் நாழிகை வட்டில் என்று அழைத்தது அதைத்தான். நல்ல அறிவு எங்கிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ள அவர் தயங்கவில்லை.

அவருடைய நூலின் அரபுப் பெயர், பொறிக்கலையில் இல்மையும் பயனுள்ள அமலையும் ஒன்றுசேர்ப்பது என்று பொருள்படும். இல்ம், அமல், நாஃபிஃ என்னும் மூன்று சொற்களும் அதில் உள்ளன: அறிவு, செயல், பயன். ஜும்ஆ மேடையில் நாம் வாரந்தோறும் கேட்கும் சொற்கள் ஒரு பொறியாளரின் நூல் தலைப்பில் அமர்ந்திருப்பது தற்செயலன்று. கைவினைஞர்கள் மீண்டும் செய்து பார்க்கும் வகையில் அளவுகளோடும் படங்களோடும் அவர் எழுதினார். அதனால்தான் 1974ஆம் ஆண்டு டொனால்ட் ஹில் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, எட்டு நூற்றாண்டுக்கு முந்தைய பொறிகளின் உள்ளமைப்பை உலகம் மீண்டும் அறிய முடிந்தது.

ஷரீஃப் மாணவர்களும் வென்ற கோப்பையைக் கண்ணாடிப் பேழையில் வைத்ததோடு நிற்கவில்லை. தங்கள் ரோபோவின் அமைப்பை ஆய்வுக் கட்டுரையாக எழுதினர். போட்டியின் ஆண்டுத் தொகுப்பில் அது வெளிவந்தது. போட்டியாளரும் படித்துப் பயன்பெறட்டும் என்பதே அக்களத்தின் மரபு. பயன்தரும் அறிவை விட்டுச் செல்பவருக்கு மரணத்திற்குப் பின்னும் நன்மை தொடரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, அறிவை மறைத்து வைப்பதில் நமக்கு என்ன பெருமை?

விளையாட்டுதானே என்போருக்கு

"பந்து விளையாடும் பொம்மைக்கு இத்தனை உழைப்பு வீணன்றோ?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். காலத்தை வீணாக்குவதை மார்க்கம் விரும்பாததால் எழும் நியாயமான கேள்வி இது. விடை அப்போட்டியின் பின்வரலாற்றில் உள்ளது. 1995ஆம் ஆண்டு ஜப்பானின் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயரத்தின் பாடமாக, இடிபாடுகளில் சிக்கியோரைத் தேடும் மீட்பு ரோபோக்களுக்கான பிரிவும் 2001ஆம் ஆண்டு ரோபோகப்பில் சேர்க்கப்பட்டது. ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பானது என்று நம்பும் சமுதாயத்திற்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டு அதே ஸ்டாக்ஹோமில் சிறிய ரோபோக்களின் பிரிவில் வென்ற அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக அணியை வழிநடத்திய ராஃபெல்லோ டி'ஆண்ட்ரியா, பின்னர் கிடங்குகளில் பொருள் சுமக்கும் ரோபோக்களைச் செய்யும் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரானார். அந்நிறுவனத்தை 2012ஆம் ஆண்டு அமேசான் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது.

நம் இல்லங்களில்

இவ்வரலாறு நம்மிடம் கேட்பது ஒன்றே. முன்னோரின் பெயர்களைச் சொல்வது எளிது. அவர்களின் பழக்கத்தை வாழவைப்பதுதான் அரிது. அந்தப் பழக்கம் கையால் செய்து பார்ப்பது, பழுதானால் மீண்டும் செய்வது, தெரிந்ததை எழுதிப் பிறருக்குத் தருவது. நம் வீடுகளிலோ மதிப்பெண்ணுக்கான இல்ம் நிறைய இருக்கிறது, அமலுக்கு இடமில்லை. பழுதான மின்விசிறியைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளையை "கையை வைக்காதே" என்று அதட்டும் நாம், அதே பிள்ளை மணிக்கணக்கில் கைப்பேசியில் மூழ்கினால் பேசாதிருக்கிறோம்.

பள்ளி மாணவர்களுக்கென்றே ரோபோகப் ஜூனியர் பிரிவு 2000ஆம் ஆண்டு மெல்போர்ன் போட்டியிலிருந்து நடைபெற்று வருகிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், கோடை விடுமுறையில் நம் மஹல்லாவின் மதரஸாக் கூடத்தில் ஒரு மேசையும் சில மோட்டார்களும் வைக்க முடியும். உளூச் செய்யும் தொட்டி நிரம்பியதும் தானே நிற்கும் குழாயை நம் சிறுவர்கள் செய்து காட்டட்டும். அல்-ஜஸரீயின் மிதவையை அவர்கள் அங்கே மீண்டும் கண்டுகொள்வார்கள். பெண் பிள்ளைகளுக்கும் அந்த மேசையில் சம இடம் வேண்டும். ஷரீஃப் அணி வென்ற அதே 1999ஆம் ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற மர்யம் மிர்ஸாகானி, 2014ஆம் ஆண்டு கணிதத்தின் உயரிய ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்மணியானார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடுத்த முறை நம் பிள்ளைகள் "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்டால், ஸ்டாக்ஹோம் களத்தில் ஆரஞ்சுப் பந்தைத் துரத்திய அர்வந்தின் கதையைச் சொல்வோம். அதன் தொடர்ச்சியை எழுதும் பொறுப்பை அவர்கள் கையில் ஒப்படைப்போம்.

வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் பயனுள்ள கல்வியையும், அக்கல்வியைச் செயலாக்கும் ஆற்றலையும் தந்தருள்வானாக! ஆமீன்.