'12 ஜிபி' தொலைபேசி ஏன் திணறுகிறது?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் படிப்பு என்பது வட்ஸ்அப் குழுவாகவும் ஸூம் வகுப்பாகவும் மாறிப்போனது. சிக்னல் தேடி மேட்டில் ஏறிய பிள்ளைகளைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு தொல்லையும் இருந்தது. சிக்னல் நன்றாக இருந்த இடத்திலும் வகுப்பு அறுந்தது. ஆசிரியர் வட்ஸ்அப்பில் அனுப்பிய வினாத்தாளைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் ஸூம் மூடிக் கிடக்கும். "நெட்வேர்க் சரியில்லை" என்று பழி போட்டுவிடுவோம். விலை குறைந்த, அல்லது அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்த தொலைபேசிகளில் பல வேளைகளில் குற்றவாளி நெட்வேர்க் அல்ல, நினைவகம்.

தொலைபேசியிலும் கணினியிலும் இரண்டு இடங்கள் உண்டு. படம், பாட்டு, செயலி எல்லாம் நிரந்தரமாகக் கிடப்பது சேமிப்பகம். ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு மட்டும் பயன்படுவது ரேம் எனும் நினைவகம். இந்த ரேமை யாருக்கு எவ்வளவு, எப்போது கொடுப்பது, எப்போது பிடுங்குவது என்று தீர்மானிப்பது பணிசெயல் முறைமை. (தமிழ்நாட்டில் இயங்குதளம் என்பார்கள்.) ஆண்ட்ரொய்ட், விண்டோஸ், லினக்ஸ் எல்லாமே அந்த வேலையைச் செய்பவைதான்.

தோட்டத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. செக்ரோலில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. அது மாறாது. ஆனால் இன்று எந்த மலை, எந்த நிரை என்பது காலையில் பிரட்டுக் களத்தில்தான் தெரியும். இன்று 5ஆம் நம்பர் மலை, நாளை 9. நினைவகத்திலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு செயலியும் தன்னிடம் 0, 1, 2, 3 என்று வரிசையாகப் பக்கங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. உண்மையான ரேமில் அந்தப் பக்கங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். எந்தப் பக்கம் ரேமின் எந்தச் சட்டகத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் பதிவேடுதான் பக்க அட்டவணை.

ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 4,096 பைட், அதாவது 4 கேபி. உயர்தர ஐசிடி மாணவர்களுக்கு இந்த எண் பழக்கப்பட்டது. செயலி 8200ஆம் முகவரியைக் கேட்கிறது என்று வைப்போம். 4096ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 8. ஆகவே 2ஆம் பக்கத்தில் 8ஆவது இடம். பக்க அட்டவணையில் 2ஆம் பக்கம் 7ஆம் சட்டகத்தில் என்று இருந்தால், உண்மையான முகவரி 7 × 4096 + 8 = 28680. ஒவ்வொரு முறை நினைவகத்தைத் தொடும்போதும் இந்த மாற்றம் நடந்தாக வேண்டும். மென்பொருள் செய்தால் தாமதமாகும் என்பதால், செயலகச் சில்லுக்குள் இருக்கும் நினைவக முகாமைத்துவ அலகு அதைச் செய்கிறது. அண்மையில் பார்த்த பதிவுகளைத் தனியாக ஒரு சிறு குறிப்பேட்டிலும் அது வைத்துக்கொள்ளும்.

இந்தச் சுற்றுவழியால் வரும் பெரிய நன்மை பாதுகாப்பு. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அட்டவணை. விளையாட்டுச் செயலியின் அட்டவணையில் வங்கிச் செயலியின் சட்டகங்கள் இல்லை; ஆகவே அவற்றை எட்டிப்பார்க்க அதற்கு வழியும் இல்லை. இந்தச் சுவரிலும் ஓட்டை விழலாம் என்பதை 2018 ஜனவரியில் வெளியான 'மெல்ட்டவுன்' குறைபாடு காட்டியது. அதை அடைக்க எல்லா முக்கிய பணிசெயல் முறைமைகளும் அவசர அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன. மேம்படுத்தல் வராத பழைய தொலைபேசியில் வங்கிக் கணக்கை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ரேம் நிரம்பிவிட்டால் என்ன செய்வது? 1962இல் மன்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய 'அட்லஸ்' கணினி இதற்கு ஒரு வழி காட்டியது. உடனே தேவைப்படாத பக்கங்களை மெதுவான காந்த உருளைக்கு அனுப்பிவிட்டு, கேட்கும்போது திரும்ப எடுப்பது. நிரல் எழுதுபவருக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகவே தெரியும். மெய்நிகர் நினைவகம் என்று இன்று சொல்வது இதைத்தான்.

தந்திரம் நல்லதுதான், ஆனால் விலை உண்டு. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய 100 நானோ செக்கன் ஆகிறது. பழைய வன்தட்டிலிருந்து எடுக்க 10 மில்லி செக்கன் அளவு. ரேம் ஒரு செக்கனில் கொடுக்கும் பொருளை வன்தட்டு கொடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ரேம் மிகவும் குறைவாக இருந்தால் முறைமை பக்கங்களை வெளியே அனுப்புவதும் உள்ளே இழுப்பதுமாகவே நேரத்தைக் கழிக்கும். உண்மையான வேலை நடக்காது. பீற்றர் டெனிங் 1968இல் இந்த நிலையை ஆராய்ந்து எழுதினார். பாடசாலைக் கணினி அறையில் வன்தட்டு விளக்கு மின்னிக்கொண்டேயிருக்க, திரை அசையாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஆண்ட்ரொய்ட் தொலைபேசி வேறு வழியை எடுத்தது. பிளாஷ் சேமிப்பகத்தில் ஓயாமல் எழுதினால் அது தேய்ந்துவிடும். ஆகவே முதலில் ரேமுக்குள்ளேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கிறது. அதுவும் போதாவிட்டால் செயலிகளைக் கொல்கிறது. கொலைக்கும் ஒரு வரிசை உண்டு. திரையில் தெரிவது கடைசி. பின்னால் மறைந்து சும்மா கிடப்பது முதலில். ஸூமிலிருந்து வட்ஸ்அப்புக்குத் தாவிய நொடியில் ஸூம் அந்த வரிசையில் கீழே இறங்கிவிடுகிறது. கூட்டம் நடந்துகொண்டிருந்தால் அதற்குச் சலுகை உண்டுதான். ஆனால் 1 ஜிபி, 2 ஜிபி தொலைபேசியில் சலுகையும் எவ்வளவு தூரம் தாங்கும்? இப்படிப்பட்ட தொலைபேசிகளுக்கென்றே 2017இல் கூகுள் 'ஆண்ட்ரொய்ட் கோ'வை அறிவித்தது. 1 ஜிபியும் அதற்குக் குறைவும்தான் அன்றைய இலக்கு. 2022இல் வந்த ஆண்ட்ரொய்ட் 13இன் கோ பதிப்பு குறைந்தது 2 ஜிபி கேட்டது. தொலைபேசி பழுதாகாமலே பழசாவது இப்படித்தான்.

'ரேம் கிளீனர்', 'பூஸ்டர்' செயலிகளால் பயன் இல்லை என்பதைவிட, கெடுதல் என்றே சொல்வேன். வெறுமையாகக் கிடக்கும் ரேம் யாருக்கும் உதவாது. ஆண்ட்ரொய்ட் வேண்டுமென்றே அதை நிரப்பி வைக்கிறது, திரும்பத் திறக்கும்போது உடனே வரட்டும் என்று. கிளீனர் எல்லாவற்றையும் மூடினால், அடுத்த முறை ஒவ்வொன்றும் அடியிலிருந்து தொடங்கும்; பற்றரியும் போகும். அந்தக் கிளீனரும் ரேமில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது, கடைகளில் பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் '12 ஜிபி'. உள்ளே சின்ன எழுத்தில் 4 + 8 என்று இருக்கும். அந்த 8, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடம். அட்லஸின் பழைய தந்திரம்தான், புது ஸ்டிக்கருடன் வருகிறது. பின்னால் கிடக்கும் செயலிகள் சற்றுக் கூடுதல் நேரம் உயிரோடிருக்க அது உதவலாம். ஆனால் நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்து உயர்தரப் பிள்ளைக்கு வாங்குபவர் 12 ஜிபியின் விலையைக் கொடுத்து 4 ஜிபியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். வாங்குமுன் அமைப்புகளில் 'தொலைபேசியைப் பற்றி' என்ற பகுதியைத் திறக்கச் சொல்லி, கூட்டல் குறிக்கு முன்னால் உள்ள எண்ணை மட்டும் பாருங்கள். முடிந்தால் அதே பணத்துக்கு உண்மையான 6 ஜிபி கொண்ட சென்ற வருட மொடலைத் தேடுங்கள்.

பாடசாலைக் கணினிகளுக்கும் இதே கணக்குத்தான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேம் கேட்கிறது. பழைய செயலகங்களை ஏற்கவும் மாட்டாது. 2 ஜிபி இயந்திரத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலேசான முகப்புடன் லினக்ஸ் அதில் ஓடும், உலாவியில் இரண்டு மூன்று தாவலுக்கு மேல் திறக்காதவரை. கொஞ்சம் பணம் இருந்தால், வேறெதையும் மாற்றுமுன் காலியாக இருக்கும் ரேம் துளையில் பொருத்தமான பழைய ரேம் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்து இயந்திரம் செத்துப்போயிருந்தால் அதிலிருந்தே கழற்றலாம். டிடிஆர்3க்கு டிடிஆர்3தான் பொருந்தும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.