அணைக்கு இரண்டு மதிப்பெண்: தென்பெண்ணை சொல்லும் கணக்கு

மழைக்காலம் வந்தால் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அணைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். "சாத்தனூர் நிரம்பிடுச்சு", "கிருஷ்ணகிரியில ஷட்டர் திறந்தாச்சு" என்று செய்தி வரும். கூடவே யாராவது கேட்பார்கள்: "அணை பலமா இருக்குல்ல?" நியாயமான கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி. மீதிப் பாதி என்ன என்பதைத் தென்பெண்ணை ஆற்றின் வரலாறே நமக்குச் சொல்லிவிடுகிறது.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் இந்த ஆறு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளைக் கடந்து கடலூர் அருகே கடலில் சேர்கிறது. வழிநெடுகிலும் வயலும் கிராமமும்தான்.

முதலில் ஒரு விளக்கம். அணைப் பாதுகாப்பில் இரண்டு தனித்தனி மதிப்பீடுகள் உண்டு. ஒன்று, அணையின் நிலை: சுவரில் கசிவு உண்டா, ஷட்டர் துருப்பிடித்திருக்கிறதா, கரை சரிந்திருக்கிறதா என்று பார்ப்பது. உடைப்புக்கே இட்டுச்செல்லக்கூடிய குறை முதல் வகை. உடனே சரிசெய்ய வேண்டிய பெரிய குறை இரண்டாம் வகை. சிறு குறை அல்லது குறையின்மை மூன்றாம் வகை. இன்னொன்று, அபாய மதிப்பீடு. அணை ஒருவேளை உடைந்தால் கீழே எத்தனை உயிர், எவ்வளவு சொத்து போகும் என்பதே அதன் கேள்வி. அது அணையைப் பார்த்துப் போடும் மதிப்பெண் அல்ல. ஆற்றங்கரையைப் பார்த்துப் போடுவது.

வங்கியில் கடன் பேரேடு பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தவணை ஒழுங்காக வருகிறதா என்பது ஒரு பத்தி. பாக்கித் தொகை எவ்வளவு என்பது வேறு பத்தி. தவணை தவறாத கணக்குதான் என்றாலும், தொகை பெரிதென்றால் மேலாளர் கண் அதன் மீது இருந்துகொண்டே இருக்கும்.

இனி ஆற்றுக்கு வருவோம். கிருஷ்ணகிரி அணை 1957-ல் காமராஜர் முதல்வராக இருந்தபோது திறக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு மட்டம் 52 அடி, எட்டு ஷட்டர்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பர் 29 அன்று, அணை ஏறக்குறைய நிரம்பியிருந்த வேளையில் முதல் ஷட்டர் உடைந்தது. அணைச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரையோர மாவட்டங்களுக்கெல்லாம் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. பாசனத்துக்குச் சேர்த்து வைத்த தண்ணீர் ஆற்றோடு போனது. பிறகுதான் எட்டு ஷட்டர்களும் புதிதாக மாற்றப்பட்டன. இது அணையின் நிலை சார்ந்த கதை.

பழையது என்பதால்தான் உடைந்தது என்று நினைக்கத் தோன்றும். அதே ஆற்றில் கீழே, விழுப்புரம் மாவட்டம் தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை 2020 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2021 ஜனவரியிலேயே அதன் ஒரு பக்கம் உடைந்துவிட்டது. ஆக, வயதை மட்டும் வைத்து நிலையைச் சொல்லிவிட முடியாது; இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது கதை சாத்தனூர். 1958-ல் கட்டி முடித்த அணை. 119 அடி, சுமார் 7.3 டி.எம்.சி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீரெல்லாம் பாம்பாறு வழியாகச் சாத்தனூருக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அணைக்குக் கீழே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, திறந்து மூன்று மாதமே ஆன பாலம் அடித்துச் செல்லப்பட்டது.

எச்சரிக்கை போதுமானதா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. கணக்கை மட்டும் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு 1,68,000 கன அடி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 0.6 டி.எம்.சி. அந்த வேகத்தில் நீர் வந்தால் காலியான சாத்தனூர் அணையே பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். முன்கூட்டியே கொஞ்சம் இடம் வைத்திருந்தால் சில மணி நேரம் கிடைத்திருக்கும். அந்தச் சில மணி நேரமும் கரையோரத்தில் இருப்பவருக்குப் பெரிதுதான். ஆனால் வெள்ளத்தை முழுதாகப் பிடித்து வைக்க அந்த அணையால் முடியாது. அன்று அணை உடையவில்லை, ஷட்டரும் உடையவில்லை. அப்படியும் கீழே இவ்வளவு சேதம். அப்படியென்றால், உடைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லும் அந்த இரண்டாவது மதிப்பெண் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

அணை கட்டிய நாளில் கீழே வயல் மட்டும் இருந்திருக்கும். பிறகு வீடு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மனைப்பிரிவும் வந்தது. அணையில் ஒரு கல்கூட மாறாமலே அதன் அபாய மதிப்பீடு ஏறிக்கொண்டே போகிறது.

இந்தப் பாடத்தை நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு-2 அணையின் மண்கரை உடைந்து மோர்பி நகரம் மூழ்கியது; ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த அணை கட்டி ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது. கணக்கிட்டுக் கட்டிய அளவைவிடப் பல மடங்கு வெள்ளம் வந்ததே காரணம். 1982-ல் மத்திய அரசு அணைப் பாதுகாப்புக்கு நிலைக்குழு அமைத்தது. ஆனால் தனிச் சட்டம் வர 2021 டிசம்பர் ஆகிவிட்டது. அச்சட்டப்படி 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சில வகைகளையும் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்ய வேண்டும். அபாய வகைப்பாடு செய்ய வேண்டும். அவசரகாலச் செயல்திட்டமும் வேண்டும். சிறு தடுப்பணைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருவதில்லை.

நம்மில் பலருக்குச் சொந்த ஊர் இப்படி ஏதோ ஓர் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அங்கே அப்பா, அம்மா இருக்கிறார்கள். சிலர் மனையும் வாங்கியிருக்கிறோம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மூன்று விஷயம் விசாரியுங்கள். பழைய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது? நள்ளிரவில் அணை திறந்தால் வீட்டுக்கு யார் தகவல் சொல்வார்கள்? மேட்டுக்குப் போக எது வழி? பதிலை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.