மாவுச்சத்து நுரைப்பொதி

மாவுச்சத்து நுரைப்பொதி என்பது தாவர மாவுச்சத்தைப் பொரியச் செய்து உருவாக்கப்படும், மண்ணில் மட்கக்கூடிய பொதிபொருள் ஆகும். மக்காச்சோளம், மரவள்ளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மாவும், ஆலைக் கழிவில் தங்கிவிடும் மாவும் இதற்கு மூலப்பொருள்கள். தெர்மோகோலுக்கு மாற்றாக இது உருவானது.

பின்னணி

1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியால் உப்பச் செய்து நுரைப்பலகை ஆக்கும் முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் இப்பொருள் தெர்மோகோல் என்று அறியப்படுகிறது. இதன் கனஅளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றுதான். எடைக்குறைவே இதன் சிறப்பு. உடைந்த துண்டுகள் எளிதில் பறந்து நீர்நிலைகளை அடைவதற்கும் அதுவே காரணம். வண்டி நிறைய ஏற்றினாலும் எடை தேறாததால், பழைய தெர்மோகோலைச் சேகரிப்பது வணிகர்களுக்குக் கட்டுபடியாவதில்லை.

தோற்றம்

1989இல் அமெரிக்காவின் நேஷனல் ஸ்டார்ச் அண்டு கெமிக்கல் நிறுவனத்தைச் சேர்ந்த லாகோர்ஸ், அல்டியேரி ஆகியோரின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. 45 விழுக்காட்டுக்குக் குறையாமல் அமைலோஸ் கொண்ட மாவுச்சத்தைச் சிறிதளவு நீருடன் திருகு இயந்திரத்தில் சூடாக்கி, அழுத்தத்துடன் வெளித்தள்ளுவது இம்முறை. வெளிவரும் கணத்தில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மாவை உப்பச் செய்கிறது. அரிசி பொரியாவதும் இதே இயல்பால்தான். பின்னர், மாவுக் கரைசலைச் சூடான அச்சுகளுக்கிடையே வேகவைத்துத் தட்டு செய்யும் முறையும் வளர்ந்தது. பிரேசில் ஆய்வாளர்கள் மரவள்ளிச் சக்கையைச் சேர்த்து இத்தகைய தட்டுகளைச் செய்துள்ளனர்.

சேலத்துத் திப்பி

தமிழ்நாட்டில் இதற்குரிய மூலப்பொருள் சேலம், நாமக்கல் வட்டாரங்களில் மிகுதியாகக் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட்டது. அதனால் 1940களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது. 1981இல் உற்பத்தியாளர்களுக்காக சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது.

கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, சலித்துப் பால் எடுத்தபின் நிற்கும் நார்ச்சக்கையே திப்பி. ஆலைகள் இதை வெயிலில் உலர்த்தி மாட்டுத் தீவனத்திற்கு விற்கின்றன. உலர்ந்த திப்பியின் எடையில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்தாகும். உழவர் விளைவித்த மாவில் ஒரு பங்கு இவ்வாறு குறைந்த விலைக்குப் போகிறது. நுரைத்தட்டில் இதன் மாவு உப்பிக் கொடுக்க, நார் வலுச் சேர்க்கிறது.

தடைச் சட்டங்கள்

தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடை செய்தது. தெர்மோகோல் தட்டுகளும் குவளைகளும் இதில் அடங்கும். 2022 சூலை 1 முதல் நாடு முழுவதும் பல நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்தது. பாக்குமட்டைத் தட்டும் வாழை இலையும் உணவுக்குப் போதுமானவை. உடையும் பொருளைப் பாதுகாக்கும் நுரைக்கு அவை மாற்றாகா.

குறைகள்

மாவு நுரை நீரில் கரையும். இதனால் விரைவில் மட்குகிறது. இதனாலேயே குழம்பையோ பனிக்கட்டியையோ தாங்குவதில்லை. ஈரக்காற்றில் நமத்துத் தளர்வதும் உண்டு. தேன்மெழுகு போன்ற பூச்சுகள் ஈரத்தைத் தடுத்தாலும் செலவைக் கூட்டுகின்றன. நெகிழிப்பூச்சு இட்டால் மட்கும் தன்மை கெடுகிறது. திப்பி தீவனமாகவும் தேவைப்படுவதால், பொதிபொருளுக்கு அதைத் திருப்பும்போது மாடு வளர்ப்போரின் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.