ஊனத்துக்குச் சதவீதம் வந்த கதை

உதவித்தொகை மனு கொடுக்கப் போனால் முதல் கேள்வி, "எத்தனை பர்சென்ட்?" என்பதுதான். குமாஸ்தாவாக இருந்த காலத்தில் நானும் எத்தனையோ பேரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். உடம்பைச் சதவீதத்தில் அளக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த நாளில் புதுச்சேரியில் பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் 'சொல்தா'க்கள் பலர் இருந்தார்கள். முதல் உலகப்போரில் அடிபட்டவர்களுக்காக 1919 மார்ச் 31-ல் பிரான்ஸ் ஒரு பென்ஷன் சட்டம் போட்டது. கைக்கு இத்தனை, கண்ணுக்கு இத்தனை என்று சதவீதம் சொல்லும் அட்டவணைக்கு 'பரேம்' என்று பெயர். பிரிட்டிஷ் இந்தியாவில் 1923-ல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலும் இதே மாதிரி அட்டவணை உண்டு. இரண்டும் போனதற்கு ஈடு கட்டும் கணக்குகள். இனி அந்த மனிதனுக்கு என்ன உதவி வேண்டும் என்ற கேள்வி அவற்றில் இல்லை.

அந்தக் கணக்கே நம் உதவித்தொகைக்கும் அளவுகோலாயிற்று. 1995-ம் ஆண்டுச் சட்டம் 40 சதவீதத்தை எல்லையாக வைத்தது. 2016-ம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக்கியது. 40 மட்டும் மாறவில்லை. மத்திய அரசின் மாதம் 300 ரூபாய்க்கு 80 சதவீதம் வேண்டும். தமிழக அரசு 2023 ஜனவரி முதல் தரும் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு, கடும் பாதிப்பு என்ற பிரிவில், 75 சதவீதம் வேண்டும்.

இரண்டு குறைபாடு இருந்தால் அப்படியே கூட்டிவிட மாட்டார்கள். அதற்குத் தனிச் சூத்திரம் இருக்கிறது. ஒன்று 60, மற்றொன்று 30 என்றால் விடை 90 இல்லை, 70. அந்த 5 குறைந்ததால் 75 எட்டாமல் போகும்.

நம் அந்தியூரையே பாருங்கள். குழித்தறியில் மிதிப்பதற்குக் கால் வேண்டும். நெசவாளிக்கு ஒரு கால் போனால் பிழைப்பே போயிற்று. உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு அதே கால் போனாலும் வேலை மிஞ்சும். சான்றிதழில் இருவருக்கும் ஒரே எண். பர்கூர் மலைமேல் இருப்பவருக்கும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருப்பவருக்கும் அதே எண்தான். குளிப்பாட்ட வீட்டில் ஆள் உண்டா என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

இந்தக் குறையை 2016-ம் ஆண்டுச் சட்டம் ஓரளவு உணர்ந்திருக்கிறது. அதன் 38-வது பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ சான்று பெற்றவர், தமக்கு அதிக உதவி தேவை என்று கருதினால் தாமே விண்ணப்பிக்கலாம். அவருக்காகப் பிறரும் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டுக் குழு தேவையைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். பரேம் தோன்றி நூறாண்டு ஆகும் தறுவாயில்தான் 'என்ன வேண்டும்?' என்ற கேள்வி நம் சட்டத்தில் இப்படி இடம் பிடித்தது.

ஆகவே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், மனுவில் சதவீதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அவரைத் தூக்குவது யார், ஊட்டுவது யார், அவர்களுக்கு வயது என்ன என்பதையும் எழுதிக் கொடுங்கள். எழுத்தில் இருந்தால்தான் கோப்பில் நிற்கும்.