'வோஸ்': ஒரு முன்னிலைச் சொல்லின் சரிவும் மீட்சியும்

ஒருவரை மரியாதையாக நலம் விசாரிக்க ஸ்பானிய மொழியில் 'கோமோ எஸ்தா உஸ்தேத்' என்பார்கள். இதில் 'எஸ்தா' படர்க்கை வினை. எதிரே நிற்பவரிடம், அங்கில்லாத யாரையோ பற்றிக் கேட்பதுபோல் ஏன் கேட்கவேண்டும்? பாடநூல்கள் இதை விதியென்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. நாம் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது.

லத்தீனில் 'தூ' ஒருமை, 'வோஸ்' பன்மை. பிற்காலத்தில் பேரரசரைப் பன்மையில் விளிக்கும் வழக்கம் தோன்ற, 'வோஸ்' மரியாதைச் சொல்லாயிற்று; ஸ்பானியமும் அதை ஏற்றது. (நம் 'நீர்' வந்த வழியும் ஏறக்குறைய இதுவே.) ஆனால் எல்லோரும் எல்லோரிடமும் புழங்கத் தொடங்கினால் எந்த மரியாதைச் சொல்லும் மலிந்துவிடும். 16ஆம் நூற்றாண்டில் 'வோஸ்' பணியாளரிடமும் தாழ்ந்தோரிடமும் பேசும் சொல்லாக இறங்கியது. உயர்ந்தோருக்கெனப் பரவியது 'வுவெஸ்த்ரா மெர்சேத்', அதாவது 'உங்கள் அருள்'. அருள் ஒரு பெயர்ச்சொல். எனவே வினை படர்க்கையில் வந்தது. அத்தொடர் நாவில் தேய்ந்து, 17ஆம் நூற்றாண்டில் 'உஸ்தேத்' ஆயிற்று. அருள் மறைந்துபோனது, படர்க்கை வினை மட்டும் தங்கிவிட்டது.

விளிச்சொற்களின் பெருக்கம் அரசையே கவலைகொள்ளச் செய்தது. இரண்டாம் ஃபிலிப் மன்னர் 1586இல் இதற்கென்றே ஓர் ஆணை பிறப்பித்து, தமக்கு எழுதும் மடல்களிலும் 'செஞோர்' என்ற ஒற்றைச் சொல்லே போதும் என்றார்.

1605இல் வெளியான 'டான் கிஹோத்தே'யின் முதற்பாகத்தைக் கவனித்துப் படித்தால் இந்த நுட்பம் விளங்கும். சாஞ்சோ தன் எசமானரை 'வுவெஸ்த்ரா மெர்சேத்' என்கிறான். அவர் அவனைப் பெரும்பாலும் 'தூ' என்கிறார். கோபம் வரும்போதோ 'வோஸ்' என்கிறார்! ஒருகாலத்து மரியாதைச் சொல் அங்கே சாட்டையாகிவிடுகிறது. ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ' வழியாக வாசிக்கும் நமக்கு இந்தச் சாட்டையொலி கேட்பதேயில்லை.

கடல் கடந்து போன 'வோஸ்'ஸின் கதை வேறு. ராஜப்பிரதிநிதிகளின் அவைகள் இருந்த மெக்சிகோ நகரும் லிமாவும் ஸ்பெயினைப் பின்பற்றி 'தூ'வுக்குத் திரும்பின. தொலைவில் கிடந்த பியூனஸ் அயர்ஸிலும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் 'வோஸ்' நிலைத்தது. 'உன்னிடம் இருக்கிறது' என்பதற்கு மாட்ரிட்டில் 'தியெனெஸ்', பியூனஸ் அயர்ஸில் 'தெனேஸ்'. சிலேயில் வாழ்ந்த அறிஞர் ஆந்த்ரேஸ் பெல்லோ, 1847இல் வெளியிட்ட தம் இலக்கணத்தில், இவ்வழக்கைத் தவிர்க்கவேண்டிய கொச்சை என்றார். அவர் பெரும் அறிஞர்தான். ஆனால் தாயிடம் பேசும் சொல்லைக் கொச்சையென்று கேட்டு வளரும் பிள்ளையின் கூச்சத்தை அவர் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. அர்ஜென்டினாவின் பள்ளிகளும் நெடுங்காலம் வீட்டு 'வோஸ்'ஸை ஒதுக்கி 'தூ'வையே கற்பித்தன.

எழுத்தாளர்கள் காத்திருக்கவில்லை. 1963இல் வெளியான ஹூலியோ கொர்த்தஸாரின் 'ராயுவேலா' நாவலில் ஒலிவேராவும் மாகாவும் பாரிஸில் இருந்துகொண்டே 'வோஸ்' என்று பேசிக்கொள்கிறார்கள்; அந்த ஒரு சொல்லிலேயே அவர்களுடைய ஊர் இருக்கிறது. அர்ஜென்டினாவின் மொழிக் கழகம் அவ்வழக்கைச் செம்மையானதென்று ஏற்றது 1982இல்தான்.

அந்தப் பழைய 'அருள்' இன்றும் முற்றாக மறையவில்லை. கொலம்பியாவின் பொயகா மலைப்பகுதியில், சற்றே உருமாறி, 'சுமெர்சே' என்று அன்பொழுக அழைக்கிறார்கள். அங்கே பெற்றோர் தம் குழந்தையையும் அப்படி அழைப்பதுண்டு.