எழுத்துப் பிழையும் வீரன் புகழும்

செங்கம் வட்டாரத்துப் புன்செய் நிலங்களிலே பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள. அவற்றின் எழுத்தைப் படித்தோர் ஒன்றை அறிவர். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகனாகிய இன்னான், இன்ன பூசலிற் பட்டான் என்பதே பெரும்பாலும் அக்கற்களின் வாசகம். அலங்காரமான புகழுரை அவற்றில் இல்லை. ஆண்டு, தலைவன், பெயர், செயல் என்னும் நான்கே உள. எனினும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டும் அவ்வீரன் நம்மோடு பேசுகின்றான். அந்நான்கனுள் ஒன்று எழுதப்படாது விடுபட்டிருப்பின், கல் நின்றிருக்கும், வீரன் நின்றிரான்.

இக்காலத்தே கல்லின் இடத்தைக் காகிதம் பெற்றுள்ளது. பட்டாளத்தினின்று விடுபடும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டிஸ்சார்ஜ் பத்திரம் தரப்படுகின்றது. எந்நாள் சேர்ந்தார், எங்குப் பொருதார், என்ன காயம் பட்டார், எப்பதக்கம் பெற்றார் என்பன அதன்கண் உள்ளவாறே உலகம் நம்பும். யாம் பள்ளிக்கூடத்திற் சேர்க்கைப் பதிவேடு எழுதுந் தொழிலினேமாகலின் எழுத்தின் வலியை நன்கு அறிவோம். ஒரு சிறுவனது பிறந்த நாளை ஆசிரியர் ஒருவர் கைதவறி எழுதிவிடின், அச்சிறுவன் வளர்ந்து உத்தியோகம் பார்த்து ஓய்வு பெறும் நாள்வரை அப்பிழை அவனைத் தொடர்ந்து செல்லும். பெற்ற தாயே வந்து சொன்னாலும் அலுவலகத்தார் பதிவேட்டையே நம்புவர். உயிரைப் பணயம் வைத்த வீரனுக்கு இத்தகைய பிழை நேருமாயின் அதன் விளைவு என்னாகும்? இதனை விளக்குவது அமெரிக்க ஐக்கிய நாட்டு வீரர் ஹென்ரி ஜான்ஸனின் வரலாறு. அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைப்போம்.

ஜான்ஸன் வட கரோலினா மாகாணத்திற் பிறந்த கறுப்பினத்தவர். நியூயார்க் மாகாணத்து ஆல்பனி நகர் இரயில் நிலையத்திலே பிரயாணிகளின் மூட்டை சுமக்கும் போர்ட்டராக இருந்தவர். ஐந்தடி நான்கங்குல உயரமே உடைய சிறிய உருவினர். முதல் உலகப் போரில் அமெரிக்கா புகுந்த 1917-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், கறுப்பினத்தவர்க்கென அமைந்த நியூயார்க் காவற்படையின் 15-ஆவது ரெஜிமெண்டிற் சேர்ந்தார். பிரான்ஸ் நாட்டை அடைந்தபின் அது 369-ஆவது காலாட்படை எனப் பெயர் பெற்றது. போர் புரியச் சென்ற அவர்களுக்கு முதலில் அளிக்கப்பட்டது துறைமுகத்துக் கூலி வேலையே. தம் வெள்ளைப் பட்டாளங்களோடு அவர்களை ஒருங்கு நிறுத்த விரும்பாத அமெரிக்கத் தளபதிகள், பின்னர் அவர்களைப் பிரெஞ்சுச் சேனையின் வசம் ஒப்புவித்தனர். உடுப்பு அமெரிக்க உடுப்பு. துப்பாக்கியும் தலைக்கவசமும் பிரெஞ்சுக்காரருடையவை. இந்நிலையில் அவர்கள் போர்முனையில் நின்றனர்.

1918-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் விடியுமுன், ஆர்கோன் காட்டின் அருகே, ஜான்ஸனும் நீதம் ராபர்ட்ஸ் என்னும் மற்றொரு வீரரும் காவல் நின்றனர். நள்ளிரவு கடந்த வேளையில் முள்வேலிக் கம்பியை வெட்டும் ஓசை கேட்டது. பன்னிருவர்க்குக் குறையாத ஜெர்மானியர் இருளில் வந்து தாக்கினர். ராபர்ட்ஸ் படுகாயமுற்று வீழ்ந்தார். ஜான்ஸன் கைக்குண்டுகளை எறிந்தார். அவை தீர்ந்தபின் துப்பாக்கியால் சுட்டார். அதுவும் இயங்காது போகவே அதன் கட்டையையே தடியாக ஓங்கினார். வீழ்ந்து கிடந்த தோழரைப் பகைவர் சிறையாகத் தூக்கிச் செல்ல முயன்றபோது, போலோ என்னும் கத்தியொன்றை உருவிக்கொண்டு அவர்மேற் பாய்ந்து தோழரை மீட்டார். பகைவர் பின்வாங்கி ஓடினர். அவ்விரவில் ஜான்ஸன் பட்ட காயங்கள் இருபத்தொன்று.

பிரெஞ்சு அரசாங்கம் உடனே இருவர்க்கும் 'குருவா த கேர்' என்னும் போர்ச்சிலுவைப் பதக்கம் அளித்தது. ஜான்ஸனுடையதிற் பொற்பனையோலை பொறித்த உயர்ந்த அடையாளமும் இருந்தது. 1919 பிப்ரவரி 17-ஆம் நாள் அப்பட்டாளம் நியூயார்க் நகரத்து ஐந்தாம் அவென்யூ வழியாக அணிவகுத்து வந்தபோது, திறந்த மோட்டாரில் நின்று வந்த ஜான்ஸனைக் கண்டு மக்கள் ஆரவாரித்தனர். போர்க்காலச் சேமிப்பு முத்திரைகளை விற்பதற்கும் அவர் பெயர் விளம்பரத்திற் பயன்பட்டது. ஆனால் அவர் கையிற் கொடுக்கப்பட்ட டிஸ்சார்ஜ் பத்திரத்திலோ அவர் பட்ட காயங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விளம்பரத் தாளில் ஏறிய வீரம் பதிவேட்டில் ஏறவில்லை. தம் நாட்டுப் பதக்கம் ஒன்றும் அவர்க்குக் கிட்டவில்லை.

இதனை வெறும் கைத்தவறு என்று கொள்ளுதல் பொருந்துமோ? அவ்வாண்டு மார்ச்சு மாதம் செயின்ட் லூயிஸ் நகரிற் கூடிய ஒரு கூட்டத்திலே, போர்முனையிற் கறுப்பினத்தவர் நடத்தப்பட்ட கொடுமையை ஜான்ஸன் மறையாது எடுத்துரைத்தார். அதன்பின் அவரை மேடைக்கு அழைப்பார் அருகினர். காயத்தால் நைந்த உடலோடு மூட்டை சுமக்கும் பழைய வேலைக்கும் திரும்ப இயலவில்லை. மண வாழ்வும் சிதைந்தது. 1929-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், முதுமை எய்தாமலே, வாஷிங்டன் நகரில் அவர் காலமானார்.

இந்நிலை அவர் ஒருவர்க்கே உற்றதன்று. அப்போரில் பொருத கறுப்பின வீரருள் ஒருவர்க்கேனும் அந்நாட்டின் தலையாய பதக்கமாகிய 'மெடல் ஆவ் ஆனர்' அக்காலத்திற் கிட்டவில்லை. 1918 செப்டம்பரில் மலைமுகட்டுப் போரில் உயிர்நீத்த கார்ப்பொரல் ஃபிரெடி ஸ்டோவர்ஸ் என்பார்க்கு அதனை அளிக்கவேண்டுமென அதிகாரிகள் பரிந்துரைத்திருந்தனர். அப்பரிந்துரை கேட்பாரற்று எழுபது ஆண்டுக்கு மேற் கிடந்தது. 1991-இலேதான் பதக்கம் அவர் உடன்பிறந்தாள்மார் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின் கதையும் அத்தகையதே. அப்போரின் கறுப்பின வீரர் எழுவர்க்கு 1997 ஜனவரியில் அப்பதக்கம் வழங்கப்பட்டபோது, அதனைத் தம் கையாற் பெற உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே.

ஆயின், பிழைபட்ட பதிவைத் திருத்த வழியே இல்லையோ எனின், உண்டு. முற்காலத்தில் ஒரு வீரனது பதிவேட்டை மாற்றவேண்டுமாயின் அவனொருவனுக்கென அமெரிக்கச் சட்டசபையிலே தனி மசோதா கொண்டுவரப்பட்டது. சிபாரிசு உள்ளவர்க்கே அது கைகூடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1946-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை மாற்றியது. படைத்துறை சாராத பொதுமக்களைக் கொண்ட சபைகள் ஏற்பட்டன. பதிவேட்டிற் பிழை இருப்பினும், அநீதி நேர்ந்திருப்பினும், அவற்றைத் திருத்தும் அதிகாரம் அச்சபைகள் வாயிலாகப் படைத்துறைச் செயலாளர்க்குக் கிடைத்தது. வீரர் இறந்துபட்டிருப்பின் அவர் வாரிசுகளும் விண்ணப்பிக்கலாம். பிழையை அறிந்த மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு அவ்வரம்பைத் தளர்த்தவும் சபைக்கு இடமுண்டு. பழைய பத்திரத்தை அழித்தெழுதாது, திருத்தத்தை அதனோடு சேரும் தனிப் பத்திரமாகவே இப்போது தருகின்றனர்.

சட்டம் கதவைத் திறந்தது; சான்றினைக் கொண்டுவருதல் விண்ணப்பிப்பார் கடமையாயிற்று. அச்சான்றிற்கும் ஒரு பேரிடர் வந்தது. 1973-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகர்க்கு அருகிலிருந்த தேசீயப் பதிவேட்டு நிலையத்தில் தீப்பற்றி, ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களின் ஏடுகள் சாம்பராயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையினின்று விடுபட்டோர் ஏடுகளில் நூற்றுக்கு எண்பது பங்கு அழிந்தது. மறுபடி வேறிடத்தில் இல்லை. அதுமுதல் அந்நாட்டார் சம்பளச் சீட்டுகளையும், கம்பெனிகள் நாடோறும் எழுதிய காலை அறிக்கைகளையும் தேடித் தொகுத்து, வெந்த ஏட்டின் வரலாற்றை மீட்டெழுதி வருகின்றனர். வீட்டுப் பெட்டியின் அடியிலே ஒரு பழங்காகிதத்தைக் காத்து வைத்திருந்த குடும்பத்தார் எளிதில் நீதி பெற்றனர். வைத்திராதார் அலைந்தனர்.

இனி ஜான்ஸன் பெயர் எவ்வாறு மீண்டதெனிற் கூறுதும். இறந்து 67 ஆண்டு கழித்து, 1996-இல், காயமுற்றோர்க்குரிய 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் அவர்க்கு வழங்கப்பட்டது. போரில் அவர் காயமுற்றார் என்பதை அரசாங்கம் அப்பதக்கத்தால் ஒப்புக்கொண்டது. அநாதையாய்ப் புதைக்கப்பட்டார் என்று பலரும் எண்ணியிருக்க, ஆர்லிங்டன் போர்வீரர் மயானத்திலே இராணுவ மரியாதையோடு அவர் அடக்கம் பெற்றிருந்தார் என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. 2002-இல் இரண்டாம் உயர்ந்த பதக்கமாகிய 'சிறப்புச் சேவைச் சிலுவை' வந்தது. தலையாய பதக்கத்திற்கோ கால வரம்பு தடையாயிற்று. அக்காலத்தில் எழுதப்பட்ட சான்றும் வேண்டப்பட்டது. பின்னர் ஆராய்ந்தபோது, போர் நிகழ்ந்த சின்னாட்களிலேயே தளபதி பெர்ஷிங் அவர் செயலைக் குறித்து எழுதிய அறிக்கை அகப்பட்டது. அமெரிக்கச் சட்டசபை கால வரம்பை நீக்கியது. 2015-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், ஜனாதிபதி ஒபாமா வெள்ளை மாளிகையில் அப்பதக்கத்தை வழங்கினார். நிகழ்ச்சிக்கும் பதக்கத்திற்கும் இடையே 97 ஆண்டு.

இங்கே நம் சங்கத்தார் கூர்ந்து நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. ஜான்ஸனின் வழியினர் என்று தம்மை உண்மையாகவே நம்பிய ஒரு குடும்பத்தார் அவர் புகழுக்காகப் பல்லாண்டு உழைத்தனர். முன்னைச் சிலுவைப் பதக்கத்தை வீரரின் மகன் என்னும் முறையில் ஏற்றவரும் அக்குடும்பத்தவரே. 2015-இல் வழங்குமுன் படைத்துறையார் பிறப்பு, விவாகப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அக்குடும்பம் ஜான்ஸனின் இரத்தவழியன்று எனக் கண்டனர். ஆகவே நியூயார்க் காவற்படையின் மூத்த சார்ஜெண்ட் ஒருவர் பட்டாளத்தின் சார்பிற் பதக்கத்தை ஏற்றார். எந்த எழுத்தை அக்குடும்பத்தார் நம்பித் தேடினரோ, அந்த எழுத்தே அவர் உறவை மறுத்தது. எனினும் அவர் உழைப்பு வீணாயிற்றென்று யாம் கூறோம். வீரர்க்கு நீதி கிடைத்தது. அதனைக் கிடைக்கச் செய்ததில் அவர்க்கும் பங்குண்டு. குலப்பெருமை பேசுவார் யாவரும் இதனை நினைத்தல் நலம். பதிவேட்டை நமக்கு வேண்டிய இடத்திற் சான்றாகக் கொண்டு, வேண்டாத இடத்தில் மறுத்தல் அறமாகாது.

மற்றொன்றும் கூறி அமைவோம். 2023-இல் லூயிசியானா மாகாணத்துப் பெரும் படைவீடு ஒன்றற்கு 'போர்ட் ஜான்ஸன்' என்று அவர் பெயர் சூட்டினர். 2025-இல் அப்பெயரை நீக்கிப் பழைய 'போக்' என்னும் பெயரையே மீட்டனர். ஆட்சி மாறின் வாயிற்பலகை மாறும். ஆனால் 1918 மே 15-இல் அவர் செய்த செயல் பதிவேட்டில் ஏறிவிட்டது. பலகையைப் போல அதனைக் கழற்றி எறிதல் இயலாது. புகழின் மெய்யான இருப்பிடம் சிலையன்று, பெயர்ப்பலகையன்று. பிழையின்றி எழுதிக் காக்கப்பட்ட ஒரு வரியே.

ஆதலின் அன்பர்காள்! நும் இல்லங்களிலே பட்டாளத்திலிருந்து வந்த முதியோர் இருப்பின், அவர் டிஸ்சார்ஜ் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர், நாள், பட்டாளம், காயம், பதக்கம் ஒவ்வொன்றையும் அவர் வாயாலேயே கேட்டு ஒத்துப்பாருங்கள். பிழை காணின் அவர் உயிரோடிருக்கும்போதே விண்ணப்பம் எழுதுங்கள். பழங்கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் குப்பையென்று எறியாதீர்கள். நகல் எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். எழுத அறியாதார்க்கு எழுதிக் கொடுத்தல், எம்போன்ற ஆசிரியரும் கற்ற இளைஞரும் செய்யத்தக்க எளிய தொண்டு.

ஜான்ஸன் அன்றிரவு தம் தோழரைப் பகைவர் கையினின்று மீட்கச் சில நிமிடமே எடுத்துக்கொண்டார். அவர் பெயரை மறதியின் கையினின்று மீட்க அவர் நாடு 97 ஆண்டு எடுத்துக்கொண்டது. அத்துணைக் காலம் காத்திருக்க மனிதர் ஆயுள் இடங்கொடாது. அவர்தம் கண்காணவே எழுத்தைத் திருத்துவோமாக.