உரிமத்தின் விதிகளே அளவுகோல்: பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பரிமாற்றம் குறித்து ஒரு மறுமதிப்பீடு

பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறக்கும் கண்டுபிடிப்பைத் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுசேர்ப்பது இன்று ஒரு தனித் தொழில். தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலர் எனப்படுபவர் பேராசிரியரிடமிருந்து கண்டுபிடிப்பு பற்றிய அறிவிப்பைப் பெறுகிறார். காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். நிறுவனங்களைத் தேடிப்போய்ப் பேசுகிறார். உரிம ஒப்பந்தத்தை எழுதுகிறார். வரும் தொகையைப் பங்கிடுகிறார். எத்தனை காப்புரிமை பெற்றார், எவ்வளவு பணம் ஈட்டினார் என்ற இரண்டு கேள்விகளால்தான் அவரைப் பெரும்பாலும் எடைபோடுகிறார்கள். இவ்விரண்டும் பொருந்தாத அளவுகோல்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். உரிமத்தை ஒருவருக்குத் தருவதா, பலருக்குத் தருவதா, என்ன விலைக்குத் தருவது, பொதுநலன் கருதி எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதில்தான் இத்தொழிலின் தகுதி வெளிப்படுகிறது. அமெரிக்க அனுபவத்தின் சில நிகழ்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

தொடக்கமும் திருப்பமும்

கலிஃபோர்னியாவில் பேராசிரியராக இருந்த ஃபிரெடெரிக் காட்ரெல், புகைத்தூசியை மின்புலத்தால் பிரிக்கும் தம் கருவியின் காப்புரிமைகளைக் கொண்டு 1912இல் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற அமைப்பை நிறுவினார். ஈட்டும் பணம் மீண்டும் ஆய்வுக்கே போகவேண்டும் என்பது அதன் கொள்கை. 1925இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் வேறொரு அறக்கட்டளையை அமைத்தனர். புற ஊதாக் கதிர் பட்ட உணவில் வைட்டமின் டி பெருகும் என்று கண்ட ஹாரி ஸ்டீன்பாக்கின் காப்புரிமையே அதன் மூலதனம். தனியார் நிறுவனம் ஒன்று பெருந்தொகை தர முன்வந்தும் அவர் மறுத்துவிட்டார்.

இந்த இரண்டாவது அமைப்பின் வரலாற்றில் ஒரு நெருடல் உண்டு. விஸ்கான்சின் பால் பண்ணைகளின் மாநிலம். வெண்ணெய்க்குப் போட்டியாக விற்ற மார்கரின் தயாரிப்பாளர்களுக்கு அறக்கட்டளை உரிமம் தர மறுத்தது. மார்கரின் வாங்கியவர்கள் ஏழைகள். வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் நோய் மிகுதியாகத் தாக்கியதும் அவர்களின் குழந்தைகளைத்தான். 1940களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமைகளைச் செல்லாதவையாக்கியபோது இந்த மறுப்பையும் கண்டித்தது. நோக்கம் நல்லதாகவே இருந்தாலும் உரிமத்தின் விதிகள் அதைக் கெடுத்துவிடக்கூடும் என்பதற்கு இதுவே முதல் சான்று.

தொழிலின் இன்றைய வடிவம் ஸ்டான்ஃபோர்டில் உருவானது. 1968இல் அங்கு வந்த நீல்ஸ் ரைமர்ஸ் தொழில்துறையில் ஒப்பந்தப் பணிகளைப் பார்த்துப் பழகியவர். ஸ்டான்ஃபோர்டின் கண்டுபிடிப்புகளை அதுவரை ரிசர்ச் கார்ப்பரேஷன்தான் கையாண்டுவந்தது. 1954 முதல் 1967 வரை அதனால் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது 5,000 டாலர்கூட இல்லை. ரைமர்ஸின் சோதனைத் திட்டம் முதல் ஆண்டிலேயே 55,000 டாலர் ஈட்டியது. 1970இல் அது தனி அலுவலகமாயிற்று. அவர் செய்த மாற்றம் எளியது. காப்புரிமை வழக்கறிஞரை மையத்திலிருந்து விலக்கி, வாங்குபவரைத் தேடிச்செல்லும் அலுவலரை அங்கே அமர்த்தினார்; ஒரு கண்டுபிடிப்பின் முழுப் பொறுப்பையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரிடமே கொடுத்தார்.

கோஹன்-போயர் உரிமமும் அதன் மீதான விமர்சனமும்

ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி கோஹனும் உடன் ஆய்வாளர் ஹெர்பர்ட் போயரும் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டும் முறையை 1973 நவம்பரில் வெளியிட்டனர். 1974 மே மாதம் ஒரு நாளிதழ்ச் செய்தி வழியாக ரைமர்ஸ் இதை அறிந்தார். கோஹனுக்கோ காப்புரிமை எடுப்பதில் தயக்கம். பலரது உழைப்பின் மேல் எழுந்த அறிவு இது என்பது அவர் கருத்து. அவரை இசையவைத்து, அமெரிக்கச் சட்டம் அனுமதித்த ஓராண்டுக் கெடு முடியச் சில நாள்களே இருந்தபோது விண்ணப்பம் அளிக்கப்பட்டது. கட்டுரை முன்பே வெளிவந்துவிட்டதால் வெளிநாட்டுக் காப்புரிமைகள் கைநழுவிப்போயின. அமெரிக்கக் காப்புரிமை 1980 டிசம்பரில் கிடைத்தது.

ஒரே நிறுவனத்துக்குத் தனி உரிமம் தருவதும் அன்று சாத்தியமாகவே இருந்தது. ஸ்டான்ஃபோர்டோ கேட்ட எவருக்கும் உரிமம் என்று முடிவெடுத்தது. முன்தொகை 10,000 டாலர், ஆண்டுக்குக் குறைந்தது 10,000 டாலர், விற்பனையில் சிறு விழுக்காடு. முன்கூட்டிச் சேர்வோருக்குச் சலுகையும் உண்டு. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பணம் எதுவும் தரவேண்டியதில்லை. 1981 டிசம்பர் நடுவில் 73 நிறுவனங்கள் கையெழுத்திட்டிருந்தன. 1997இல் காப்புரிமை முடிவதற்குள் 468 நிறுவனங்கள் உரிமம் பெற்றன. வருமானம் ஏறத்தாழ 25.5 கோடி டாலர்.

இந்த வெற்றிக் கதைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முறை முன்பே அச்சாகியிருந்தது. தேர்ந்த எந்த ஆய்வகமும் அதைச் செய்து பார்க்க முடிந்தது. உரிமம் இல்லாமலே பரவியிருக்கக்கூடிய அறிவுக்கு உரிமம் எதற்கு? அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சாலையில் வைத்த சுங்கச்சாவடி அல்லவா? இம்மறுப்பை நான் ஏற்கிறேன். இங்கே காப்புரிமை தொழில்நுட்பத்தைப் பரப்பவில்லை. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் முடிவு அலுவலரே வேண்டாம் என்பதன்று. வருமானம் சேவையின் அளவு ஆகாது என்பதே அந்த முடிவு. அலுவலகம் இங்கே செய்த சேவை, தனி உரிமம் தராததும் கட்டணத்தைத் தாழ்வாக வைத்ததும்தான். புதிதாய் முளைத்துக்கொண்டிருந்த ஒரு தொழில்துறை முழுவதையும் ஒருவர் கையில் ஒப்படைக்காமல் காத்தது அந்தத் தீர்மானம்.

இதே துறையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அனுபவம் மாறுபட்டது. ரிச்சர்ட் ஆக்செலும் உடன் ஆய்வாளர்களும் கண்ட, உயிரணுக்களுக்குள் மரபணுவைச் செலுத்தும் முறையின் காப்புரிமையும் பல நிறுவனங்களுக்கு உரிமமாகத் தரப்பட்டது. ஸ்டான்ஃபோர்டைவிடப் பன்மடங்கு பணமும் வந்தது. காலம் 2000இல் முடிந்தபின், 2002இல் கொலம்பியா தொடர்புடைய மற்றொரு காப்புரிமையைப் பெற்றுக் கட்டணத்தை நீட்டிக்க முயன்றது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2004இல் பல்கலைக்கழகம் பின்வாங்கியது. வருமானமே அளவுகோல் என்றால் கொலம்பியா ஸ்டான்ஃபோர்டை வென்றதாகும். அந்த முடிவை ஏற்பவர் அரிது.

தனி உரிமம் நியாயமாகும் இடம், தவறும் இடம்

அதற்காகத் தனி உரிமமே தீங்கு என்று சொல்லிவிட முடியாது. ஸ்டான்ஃபோர்டின் ஜான் சௌனிங் 1967இல் அதிர்வெண் பண்பேற்றத்தால் இசையொலி உண்டாக்கும் முறையைக் கண்டார். அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் அதன் மதிப்பை உணரவில்லை. அலுவலகம் ஜப்பானின் யமஹாவைக் கண்டுபிடித்து அதற்கே தனி உரிமம் தந்தது. மலிவு விலையில் விற்கத்தக்க கருவியாக அதை மாற்றப் பல ஆண்டு முதலீடு தேவைப்பட்டது. அம்முறையில் இயங்கும் யமஹாவின் டிஎக்ஸ்7 இசைக்கருவி வெளிவந்தது 1983இல். போட்டியாளர் உடனே நகலெடுக்கலாம் என்றிருந்தால் அந்த முதலீட்டை எவரும் செய்திருக்கமாட்டார்கள். இங்கே இடையாளர் உண்மையாகவே பரிமாற்றம் செய்தார்.

யேல் பல்கலைக்கழகம் தனி உரிமத்தின் மறுபக்கத்தைக் கண்டது. வில்லியம் புருசாஃபும் டாய்-ஷுன் லின்னும் எச்ஐவிக்கு எதிராகப் பயன்படும் என்று காட்டிய டி4டி என்னும் ஸ்டாவுடின் மருந்து, பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்குத் தனி உரிமமாகத் தரப்பட்டிருந்தது. 2001இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தென்னாப்பிரிக்காவில் மலிவான நகல் மருந்தை இறக்குமதி செய்ய யேலிடம் அனுமதி கேட்டது. உரிமம் முழுதும் நிறுவனத்திடம் இருப்பதால் தன்னால் இயலாது என்பதே யேலின் முதல் பதில். மாணவர்களும் புருசாஃபும் குரல் எழுப்பினர். சில வாரங்களில் நிறுவனம் அந்நாட்டில் தன் காப்புரிமையை வலியுறுத்துவதில்லை என்று அறிவித்தது. ஏழை நாடுகளுக்கான விலக்கு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால் போராட்டமே தேவைப்பட்டிருக்காது. 2007இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில கூடி வெளியிட்ட ஒன்பது அம்ச வழிகாட்டி, ஆய்வுப் பயன்பாட்டுக்கான உரிமையைப் பல்கலைக்கழகங்கள் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், வளரும் நாடுகளின் தேவைகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது.

சட்டம், எண்ணிக்கை, இந்தியா

அரசு நிதியில் விளைந்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே உடைமையாக்கிக்கொள்ள 1980 டிசம்பரில் நிறைவேறிய பே-டோல் சட்டம் வழிசெய்தது. இச்சட்டமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலரும் எழுதுவதுண்டு. ஸ்டான்ஃபோர்டின் அலுவலகமோ அதற்குப் பத்தாண்டு முந்தியது. கோஹன்-போயர் விண்ணப்பமும் ஆறாண்டு முந்தியது. சட்டம் உடைமையைத் தரும்; அதை எப்படிக் கையாள்வது என்ற தெளிவு பயிற்சியால்தான் வரும்.

இந்தியாவில் பே-டோலைப் பின்பற்றி 2008இல் மாநிலங்களவையில் வைக்கப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. ஆனால் எண்ணிக்கையைப் பெருக்கும் தூண்டுதல்கள் வந்துவிட்டன. கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணம் 2021 விதித் திருத்தத்தால் 80 விழுக்காடு குறைந்தது; தேசியத் தரவரிசைக் கட்டமைப்பு வெளியான காப்புரிமை விண்ணப்பங்களுக்கும் வழங்கப்பட்ட காப்புரிமைகளுக்கும் மதிப்பெண் தருகிறது. உரிமத்தின் விதிகள் எப்படி இருந்தன என்று அது கேட்பதில்லை. இந்த ஏற்பாட்டில் ஒரு கல்லூரி, வாங்குபவர் எவரையும் தேடாமலே விண்ணப்பங்களைக் குவித்து மதிப்பெண் பெறலாம்.

தரவரிசை வகுப்போர் இரண்டு கேள்விகளைச் சேர்க்கவேண்டும்: உரிமம் பெற்றவர் அந்தக் கண்டுபிடிப்பைப் பயனுக்குக் கொண்டுவந்தாரா? ஆய்வாளருக்கும் ஏழை நோயாளிக்கும் ஒப்பந்தத்தில் இடம் வைக்கப்பட்டதா? இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்த அலுவலர்களை உருவாக்காமல் காப்புரிமைகளைப் பெருக்குவது வீண் செலவே.